மிகைமுனைவாக்கம்

மிகைமுனைவாக்கம் என்பது, ஒரு பொருளிலுள்ள அணுக்கருக்களில் வழமையைவிட மிகப் பெரும் பங்கை ஒரே திசையில் ஒழுங்குபடுத்தி, அவை தரும் காந்தப் பரிவுச் சமிக்ஞையை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கும் முறைகளுக்குரிய பொதுப்பெயர். பைருவேற்று, யூரியா, பிரிடீன் போன்ற சிறு மூலக்கூறுகளில் இது சிறப்பாகக் கைகூடியுள்ளது. எம்.ஆர்.ஐ. படமெடுப்பும் வேதியியல் ஆய்வுகூடங்களில் நடைபெறும் நிறமாலைப் பகுப்பாய்வும் இதனால் பயன்பெறுகின்றன.

சமிக்ஞை நலிந்திருப்பதன் காரணம்

திண்மங்களிலும் திரவங்களிலும் கருக் காந்தப் பரிவை பெலிக்ஸ் புளொக், எட்வர்ட் பேர்செல் ஆகியோரின் குழுக்கள் 1946இல் தனித்தனியே அறிவித்தன. இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐதரசன், காபன்-13 முதலிய கருக்கள் நுண்ணிய காந்தங்கள். வெளிக் காந்தப்புலத்தில் அவற்றுள் சில புலத்தின் போக்கிலும் சில அதற்கு எதிராகவும் நிற்கும். இரு தரப்பும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். எஞ்சும் சிறு மிகுதியையே கருவி பதிவு செய்கிறது; மொத்தத்தில் அதன் பங்கே முனைவாக்கம். 3 தெஸ்லா காந்தத்தில், உடல் வெப்பநிலையில், 10 இலட்சம் புரோத்தன்களுக்கு அந்த மிகுதி ஏறத்தாழ 10 மட்டுமே. காபன்-13 கருவுக்கு அது இன்னும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இயற்கைக் காபனில் காபன்-13 இருப்பதும் 1.1 சதவீதமே.

உடலில் நீர் நிறைந்திருப்பதால் வழமையான எம்.ஆர்.ஐ. இந்தக் குறையைத் தாங்கிக்கொள்கிறது. ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 110 மோல் புரோத்தன்கள் உள்ளன. உயிர்க்கலத்தின் வளர்சிதை மாற்றத்தில் பங்குகொள்ளும் சிறு மூலக்கூறுகளோ பல ஆயிரம் மடங்கு குறைந்த செறிவில் இருப்பவை. அவற்றைக் காண, காந்தத்தை வலுவாக்குவது மட்டும் போதாது. கருக்களின் ஒழுங்கையே மாற்ற வேண்டும்.

இலத்திரன் வழி முனைவாக்கம்

இலத்திரனின் காந்தத் திறன் புரோத்தனுடையதைப் போல ஏறத்தாழ 658 மடங்கு. அதன் ஒழுங்கை நுண்ணலைகளால் கருக்களுக்கு மாற்றலாம் என்று அல்பேர்ட் ஓவர்ஹவுசர் 1953இல் முன்மொழிந்தபோது பலர் நம்பவில்லை. அதே ஆண்டில் காவரும் சிலிக்டரும் இலிதிய உலோகத்தில் அதை மெய்ப்பித்தனர்.

இம்முறையைத் திரவங்களுக்கு உரியதாக்கியது, ஆர்டென்கியார்-லார்சனும் கிளேஸ் கோல்மனும் முதன்மையாகப் பங்கேற்ற குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு. இதில் இணையில்லா இலத்திரன் கொண்ட சேர்மம் ஒன்றை மாதிரியுடன் கலந்து, ஏறத்தாழ 1.2 கெல்வினுக்குக் குளிர்வித்து, 3.35 தெஸ்லா புலத்தில் நுண்ணலை பாய்ச்சுவர். அந்த நிலையில் இலத்திரன்களின் முனைவாக்கம் ஏறத்தாழ 95 சதவீதத்தை எட்டும். அது கருக்களுக்குப் பரவிய பின், கொதிநிலைக்கும் மேல் சூடாக்கிய நீரைப் பாய்ச்சி உறைந்த மாதிரியை நொடிப்பொழுதில் கரைப்பர். யூரியாவின் காபன்-13 கருக்கள் இவ்வாறு 37 சதவீத முனைவாக்கம் பெற்றன. 9.4 தெஸ்லாவில் அறை வெப்பநிலைச் சமிக்ஞையுடன் ஒப்பிட்டால் இது 44,400 மடங்கு.

பரா ஐதரசன் வழி முனைவாக்கம்

ஐதரசன் மூலக்கூறின் இரு கருக்களும் எதிரெதிராக இணைந்த வடிவமே பரா ஐதரசன். அறை வெப்பநிலையில் இது 25 சதவீதம். ஊக்கியின்மீது செலுத்தித் திரவ நைதரசனின் வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் ஏறத்தாழ 50 சதவீதமாகும். 20 கெல்வினில் அநேகமாக முழுவதும் பராவாகிவிடும். இதை மூலக்கூறொன்றுடன் வேதிவினையால் சேர்த்தால் சமிக்ஞை பெருகும் என்று பவர்ஸ், வைட்கம்ப் ஆகியோர் 1986இல் எதிர்வுகூறி, அடுத்த ஆண்டு நிறுவினர்.

பிரித்தானியாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் சைமன் டக்கெற் குழுவினர் 2009இல் மேலும் ஒரு படி சென்றனர். இரிடியம் ஊக்கியில் பரா ஐதரசனும் இலக்கு மூலக்கூறும் சிறிது நேரம் அருகருகே ஒட்டிப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் ஒழுங்கு கைமாறுகிறது. இலக்கு மூலக்கூறு வேதி மாற்றமின்றி வெளியேறுகிறது. நுண்ணலைக் கருவியோ திரவ ஈலியக் குளிர்ப்போ தேவைப்படாததால் இது செலவு குறைந்த வழி.

வளிமங்களுக்குத் தனி முறை உண்டு. லேசர் ஒளியால் ருபிடிய அணுக்களை ஒழுங்குபடுத்தி, அவ்வொழுங்கை செனன்-129 வளிமத்துக்கு மாற்றுவர். இதை மூச்சில் இழுத்து நுரையீரலின் காற்றோட்டத்தைப் படமெடுக்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் அனுமதி வழங்கியது.

மருத்துவப் பயன்

பல புற்றுநோய்க் கலங்கள், ஒட்சிசன் இருந்தாலும் குளுக்கோசைப் பைருவேற்று வழியாக லக்ரேற்றாக மாற்றும் இயல்புடையவை. ஓட்டோ வார்பேர்க் 1920களில் கண்டறிந்த இயல்பு இது. மிகைமுனைவாக்கிய பைருவேற்றைச் செலுத்தினால் அது லக்ரேற்றாவதை நேரடியாகக் காணலாம். இதில் கதிரியக்கம் இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயாளர் 31 பேரிடம் நடந்த முதல் மனித ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன.

தமிழ்நாட்டு ஆய்வாளர் பங்கு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் என். சந்திரகுமார் ஓவர்ஹவுசர் விளைவு பற்றிய ஆய்வுகளை நடத்தியவர். அதே கழகத்தில் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்பிரமணியன், பின்னர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் முரளி கிருஷ்ணாவுடன் பணியாற்றினார். ஓவர்ஹவுசர் விளைவைக் கொண்டு கட்டியின் உருவத்தையும் அதன் திசுக்களிலுள்ள ஒட்சிசன் அளவையும் ஒன்றாகக் காட்டும் இக்குழுவின் கட்டுரை 2002இல் வெளியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். முருகேசன் அதன் இணையாசிரியர்களுள் ஒருவர்; என். தேவசகாயமும் அவ்வாறே. கோல்மன், ஆர்டென்கியார்-லார்சன் ஆகியோரின் பெயர்களும் அதே கட்டுரையில் இடம்பெறுகின்றன.

வரம்பு

பெருக்கிய சமிக்ஞை நிலைப்பதில்லை. கரைசலிலுள்ள பைருவேற்றின் முனைவாக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குத் தேய்கிறது. உடலினுள் தேய்வு இன்னும் விரைவு. ஒவ்வோர் அளவீடும் எஞ்சியதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. இழந்த ஒழுங்கு தானாக மீள்வதில்லை. ஆகவே கரைத்தல், வடிகட்டல், தரச் சோதனை, ஊசியேற்றல், படமெடுப்பு அனைத்தும் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் மல்கம் லெவிற் குழுவினர் 2015இல், நப்தலீன் வழிப்பொருள் ஒன்றில் ஒரு மணிநேரத்துக்கும் மேல் ஆயுள் கொண்ட கருநிலையைக் காட்டினர். இத்துறையில் ஒரு முறையின் தகுதியை, எத்தனை மடங்கு பெருக்கியது என்பதைவிட, இலக்கை அடையும்போது எவ்வளவு மிஞ்சியது என்பதே தீர்மானிக்கிறது.