பியூஸ் கம்பி காவாத உயிர்

வீடுகளில் மின்விளக்கு பரவிய காலத்திலேயே அதற்குக் காவலாகப் பியூஸ் கம்பியும் வந்துவிட்டது. அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் பாய்ந்தால் அக்கம்பி உருகி அறுந்துவிடும், வீடு தீப்பற்றாது. ஆயினும் அது காத்தது வீட்டையே அன்றி, வீட்டிலுள்ளோரை அன்று. 5 ஆம்பியர் பியூஸ் தாங்கும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்கு நெஞ்சின் வழியே பாய்ந்தாலும் உயிர் போகக்கூடும். அப்போதும் கம்பி உருகாது.

அங்ஙனமாயின் மனித உடல் தாங்கும் அளவுதான் என்ன? கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் 1940களில் இதனை ஆராய்ந்தார். மனமுவந்து முன்வந்தோரின் கையில் மின்கம்பியைக் கொடுத்து, பிடியை விடமுடியாமற்போகும் அளவைக் கணித்தார். துணிச்சலான சோதனைதான்! ஆடவர்க்கு அது சராசரி 16 மில்லியாம்பியர், அஃதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் பதினாறு பங்கு. பெண்டிர்க்கு அதனினும் குறைவு.

1960களில் அவர் ஒரு கருவி அமைத்தார். ஒரு கம்பியில் செல்லும் மின்சாரம் மறு கம்பியில் முழுதும் திரும்பவேண்டும். குறைந்தால், அது வேறெங்கோ, ஒருவேளை ஒருவரின் உடல்வழியே, நிலத்திற்குக் கசிகிறது என்பது பொருள். 5 மில்லியாம்பியர் அளவு குறைந்தாலே கருவி இணைப்பைத் துண்டித்துவிடும்.

மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சாதனம் சிங்கப்பூரில் 1985 முதல் புது வீடுகளுக்குக் கட்டாயமாயிற்று. பழைய வீடுகளையும் அவ்விதிக்குள் கொண்டுவர மேலும் 38 ஆண்டுகள் சென்றன. 2023 ஜூலையில் விதி வந்தபோது, அவற்றின் உரிமையாளர்க்கு ஈராண்டுத் தவணை அளிக்கப்பட்டது.