ரோடின் கண்ட ஆடல்வல்லான்: செப்புத் திருமேனி ஆய்வில் இருவேறு நோக்குகள்

முன்னுரை

திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகம் 1857இல் தொடங்கப்பெற்றது. ராபர்ட் சிசோம் வடிவமைத்த இன்றைய கட்டடம் 1880இல் நிறைவுற்றது. அங்குள்ளவை போன்ற செப்புத் திருமேனிகளைக் காண்போர்க்கு இரு வினாக்கள் எழும். இவ்வுருவம் எந்நூல் விதிப்படி அமைந்தது என்பது ஒன்று. எதனால் இது கண்ணையும் கருத்தையும் ஈர்க்கின்றது என்பது மற்றொன்று. 1913ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதல் வினாவைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறைக் கண்காணிப்பாளர் டி.ஏ. கோபிநாதராவும், இரண்டாவதைப் பாரிசில் சிற்பி ஓகுஸ்த் ரோடினும் (1840–1917) எதிர்கொண்டனர். இவ்விரு நோக்குகளையும் ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க அளவுகோல்

19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிற்பக் கல்வியில் கிரேக்க, உரோமானியச் சிலைகளே முன்மாதிரிகளாக விளங்கின. அந்துவான் லூயி பாரி, கிரேக்கத் தொன்மத்திலிருந்து தீசியசு மினோடாரை வீழ்த்தும் காட்சியை வெண்கலத்தில் வடித்தார். அவரிடம் இளமையில் பயின்ற ரோடின், சிதைந்த பழஞ்சிலைகளிலும் முழுமையைக் கண்டார். தலையும் கைகளும் இல்லாத அவருடைய ‘நடக்கும் மனிதன்’ அந்நோக்கின் விளைவு எனலாம்.

இதே கிரேக்க அளவுகோலைக் கொண்டுதான் ஐரோப்பிய அறிஞர் பலர் இந்தியக் கலையை மதிப்பிட்டனர். காந்தாரச் சிற்பங்களைப் போற்றிய அவர்கள், பல கைகளையுடைய தெய்வ வடிவங்களை இயற்கைக்கு மாறானவை என ஒதுக்கினர்.

ரோடினின் உரை

சென்னை அரசு அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு ஆடல்வல்லானின் ஒளிப்படங்கள் விக்தர் கொலூபெவ் வழியாக ரோடினுக்குக் கிடைத்தன. இந்தியாவுக்கு வந்திராத ரோடின், அவற்றைக் கண்டு 1913இல் ‘சிவனின் நடனம்’ என்னும் உரையை எழுதினார். அவர் மறைந்தபின், 1921இல், ‘ஆர்ஸ் ஏசியாட்டிகா’ வரிசையின் மூன்றாம் தொகுதியில், ஆனந்த குமாரசாமி, ஹேவல் ஆகியோரின் எழுத்துகளோடு அது வெளிவந்தது.

ஆகமமோ புராணமோ ரோடினின் துணைக்கு வரவில்லை. உதட்டின் வளைவு, கால்களின் ஆற்றல், உடலின் மேல் ஒளியும் நிழலும் இயங்கும் விதம் ஆகியவற்றையே அவர் நோக்கினார். சிவனின் கையசைவைக் கிரேக்க மரபின் புகழ்பெற்ற மெடிசி வீனசின் கையசைவோடு ஒப்பிட்டார். பிறர் வேலியாகக் கொண்ட அளவுகோலை அவர் பாலமாக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் இந்நோக்கிற்கும் எல்லையுண்டு. ரோடின் கண்டது அணியும் ஆடையும் பூவும் நீங்கிய உருவம். கோயிலில் அத்தோற்றம் திருமஞ்சனத்தின்போதன்றி எளிதில் காணக்கிடைப்பதில்லை. வார்ப்பு முறையும் வேறு. ரோடின் களிமண்ணில் வனைந்த உருவம் சாந்துப் படிவமாகி, வார்ப்புச்சாலையில் பல வெண்கலப் படிகளாகும். தமிழகத்துச் சிற்பியோ மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுகின்றார். அச்சை உடைத்தே திருமேனியை எடுப்பதால், ஒரு கருவுக்கு ஒரு திருமேனியே உண்டு.

கோபிநாதராவின் நெறி

கோபிநாதராவ் 1914, 1916ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட இந்துப் படிமவியல் நூல், ஆகம, சிற்பநூல் இலக்கணங்களைத் திரட்டி, நிருத்த மூர்த்திகளின் கைகள், கால்கள், ஆயுதங்கள் முதலியவற்றை வகைப்படுத்தியது. பெயரறியா உருவங்களையும் இனங்காணும் வழியை அது வகுத்தது. ஆயினும் ஒரே இலக்கணப்படி அமைந்த இரு திருமேனிகளுள் ஒன்று உயிர்ப்புடனும் மற்றொன்று அஃதின்றியும் தோன்றுவது ஏன் என்பதற்கு இலக்கண நூல் விடை தருவதில்லை.

முடிவுரை

இலக்கணம் உருவத்தை அடையாளம் காட்டுகின்றது. கலைஞனின் கண் அதன் உயிர்ப்பைக் காட்டுகின்றது. இவற்றோடு மூன்றாவதாக வேண்டப்படுவது தமிழ்ச் சான்று. 1912இல் ‘சித்தாந்த தீபிகை’யில் வெளிவந்த குமாரசாமியின் ஆடல் பற்றிய கட்டுரை, திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய நூல்களின் துணையால் அவ்வுருவத்தின் பொருளை விளக்கியது. இம்மூன்றும் பத்தாண்டுக்கும் குறைந்த கால எல்லைக்குள் தோன்றியவை. பின்னரோ தனித்தனித் துறைகளாகப் பிரிந்தன. அவற்றை மீண்டும் ஒருங்கிணைப்பதில் தமிழாய்வுக்குத் தனிப்பொறுப்பு உண்டு. சொல்லப்பட்ட பொருளும் வார்க்கப்பட்ட வடிவும் ஒரே மண்ணில் விளைந்தவை ஆதலின், ஒன்றைவிடுத்து மற்றொன்றை மட்டும் கற்பது குறையுடைய கல்வியேயாம்.