கிறிஸ்துமஸ் தாத்தா: விருதுநகர், சிவகாசி வட்டாரம்

கிறிஸ்துமஸ் தாத்தா: டிசம்பர் மாதத்தில் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவதாகச் சொல்லப்படும் முதியவர். இலங்கைத் தமிழர் நத்தார் தாத்தா என்பர். இவருக்கு நிகரானவர்கள் பல நாடுகளில் உண்டு. பெயர், உடை, வரும் நாள், வரும் வழி யாவும் நாட்டுக்கு நாடு மாறும். பனி விழாத விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமிக்கு இவர் தேவாலயத்துக் கீதபவனியோடு வருகிறார். ஆனால் அங்கே மார்கழி, தை மாதங்களில் கைமாறும் பரிசுகளில் பெரும்பங்கு வேறு கைகளின் வழியே செல்வதால் அவையும் இங்கே சேர்க்கப்படுகின்றன.

மூலக்கதை

இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா நகரில் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் நிக்கொலாஸ் என்பவரே மூலவர். 325-இல் கூடிய நைசியா சங்கத்தில் அவர் கலந்துகொண்டார் என்று சில பட்டியல்கள் கூறும். சிலவற்றில் அவர் பெயர் இல்லை. 1087-இல் அவருடைய எலும்புகள் இத்தாலியின் பாரி நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டன. சீதனம் கொடுக்க வழியில்லாத தகப்பன் ஒருவனின் மூன்று பெண்களுக்காக, இரவில் யாரும் அறியாமல் பொன்முடிப்பை ஜன்னல் வழியே வீசினார் என்பது அவரைப் பற்றிய கதைகளில் புகழ்பெற்றது. கொடுத்தவர் இன்னார் என்று தெரியக் கூடாது என்பதே அந்தக் கதையின் உயிர். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் செலவு என்றதும் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது.

பிற நாடுகள்

நெதர்லாந்தில் டிசம்பர் 5 மாலை நிக்கொலாஸின் நாள். அவர் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்து இறங்குவார். யான் ஷெங்க்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1850-இல் வெளியிட்ட படப்புத்தகம் இந்த வருகையை நிலைநிறுத்தியது. நீராவிக் கப்பல்களின் காலம் முடிந்த பிறகும் அவர் கப்பலை மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் அவருடைய குதிரைக்காகக் காலணியில் காரட் வைப்பார்கள். இத்தாலியில் ஜனவரி 5 இரவு துடைப்பத்தின் மேல் வருபவள் பெஃபானா என்னும் கிழவி. சேட்டைக்காரப் பிள்ளைக்குக் கரித்துண்டு போடுவாள். ஸ்பெயினில் மூன்று ராஜாக்கள் ஜனவரி 6-இலும், கிரேக்கத்தில் புனித பசிலியு ஜனவரி 1-இலும் பரிசு தருவர். ஐஸ்லாந்தில் வருபவர்கள் 13 சகோதரர்கள். டிசம்பர் 12 முதல் இரவுக்கு ஒருவராக மலையிலிருந்து இறங்கும் இவர்களில் ஒருவன் கரண்டி நக்குபவன், ஒருவன் கதவை அறைந்து சாத்துபவன். சொல்பேச்சு கேளாத பிள்ளையின் காலணியில் உருளைக்கிழங்கு கிடக்கும். ரஷ்யாவின் பனித்தாத்தா தன் பேத்தியோடு வருவார். சோவியத் ஆட்சியில் ஓரங்கட்டப்பட்டிருந்த இவ்வழக்கம், 1935 டிசம்பர் 28-இல் 'பிராவ்தா' நாளிதழில் பாவெல் போஸ்திஷெவ் எழுதிய கடிதத்தை அடுத்துப் புத்தாண்டுக் கொண்டாட்டமாக மீண்டது.

குண்டு உடலும் கலைமான் வண்டியுமாக இன்று உலகெங்கும் தெரியும் உருவம் அமெரிக்காவில் உருவானது. 1823 டிசம்பர் 23-இல் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் பெயரில்லாமல் வந்த கவிதை அவருக்கு 8 கலைமான்களைக் கொடுத்தது. அதை எழுதியவர் கிளெமெண்ட் கிளார்க் மூர் என்பதே பொதுக்கருத்து. ஹென்றி லிவிங்ஸ்டன் என்று வாதிடுவோரும் உளர். 1863 முதல் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்கள் வயிற்றையும் தாடியையும் உறுதிசெய்தன. சிவப்பு அங்கியைக் கொடுத்ததே கோகோ கோலா என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்நிறுவனத்துக்கு ஹேடன் சண்ட்புளோம் வரையத் தொடங்கியது 1931-இல்தான். அதற்கு முன்பே சிவப்பு அங்கி வழக்கில் இருந்தது.

கரிசல் வட்டாரத்தில்

சிவகாசிப் பகுதியில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சபையின் ஊழியம் 1854-இல் காலூன்றியது. கேம்பிரிட்ஜில் படித்த தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோர் கூடாரங்களோடு ஊர் ஊராகச் சுற்றி வடதிருநெல்வேலி ஊழியத்தை நடத்தினர். ராக்லாந்து 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில் இறந்தார். நாஸ்டின் முதல் தாத்தா படம் வெளிவர அப்போது இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. ஆகவே இவ்வட்டாரத்தின் முதல் கிறிஸ்துமஸ்களில் இன்று நாம் காணும் தாத்தாவுக்கு இடமிருந்திருக்க முடியாது. மிஷன் பள்ளிப் பரிசளிப்பு விழாக்கள் வழியே அவர் பின்னாளில் வந்தார் என்பது ஒரு கருத்து. சினிமாவும் வாழ்த்து அட்டையும் கொண்டுவந்தன என்பது இன்னொன்று.

இப்போதைய வழக்கம் வருமாறு. டிசம்பர் இரவுகளில் சபை இளைஞர்கள் கேரல் ரவுண்ட்ஸ் போவார்கள். டிரம் முழங்க, ரோஸ் நிறக் கன்னங்கள் கொண்ட பிளாஸ்டிக் முகமூடி மாட்டிய ஒருவர் ஆடிக்கொண்டே வருவார். பஞ்சுத் தாடி, சாட்டின் துணியில் சிவப்பு அங்கி, வயிற்றில் கட்டிய தலையணை. வீட்டுக்காரர் காணிக்கை போட, தாத்தா மிட்டாயை வாரி இறைப்பார். முகமூடிக்குள் வேர்த்துக் கொட்டும். உள்ளே இருப்பது எந்த அண்ணன் என்று பிள்ளைகள் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பட்டாசு ஊர் ஆகையால் நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வெடிச்சத்தம் கேட்கும்.

கணக்கில் ஏறும் கொடை

நிக்கொலாஸ் கதைக்கு நேர்மாறாக, இவ்வட்டாரத்துக் கொடை பெரும்பாலும் எழுதி வைக்கப்படுகிறது. விருதுநகர் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் மகமை இதற்குப் பழைய சான்று. 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி ஒதுக்கிய வழக்கமும் அவ்வாறே. காமராசர் படித்த பள்ளி அது. பொங்கலுக்கு முன் கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் பிறந்த வீட்டார் பொங்கல்படி கொண்டுபோவார்கள். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு. குளிர்காலத்தில் பரிசோடு வாசலில் வந்து நிற்பவர் இங்கே உடன்பிறந்தானே. எந்த வருடம் என்ன குறைந்தது என்பது பெண்ணின் மாமியாருக்கு மறக்காது. அரசின் பொங்கல் பரிசும் ரேஷன் கடையில் டோக்கன் வரிசைப்படியே கிடைக்கும். 2021-இல் அது 2,500 ரூபாய் ரொக்கத்துடனும், 2022-இல் 21 பொருள்கள் கொண்ட தொகுப்பாகவும் வழங்கப்பட்டது.

தீபாவளி ஐப்பசி அடைமழைக்கு உரியது. ஆனாலும் இங்கு அதைத் தவிர்க்க இயலாது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்ற ஆண்டு 1922 என்றும் 1923 என்றும் கூறுவர். திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தீப்பெட்டி ஆபீஸ்களின் வழியில், 1940-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளுக்குப் பின் பட்டாசு ஆபீஸ்கள் பெருகின. (தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றே சொல்வார்கள்.) அவற்றிலிருந்து வந்த கிஃப்ட் பாக்ஸ் இன்று தனி வழக்கமாகிவிட்டது. கம்பி மத்தாப்பு, சாட்டை, தரைச்சக்கரம், பூச்சட்டி, பென்சில், பாம்பு மாத்திரை, குருவி வெடி என்று ஒரே பெட்டியில் அடுக்கியிருக்கும். நிறுவனங்கள் ஊழியருக்கு வாங்கிக் கொடுக்கும். மற்றவர்கள் மாதாமாதம் பட்டாசுச் சீட்டு கட்டி எடுப்பார்கள். சீட்டு அட்டையில் தவணைக்கு ஒரு கையெழுத்து. தந்தவர், பெற்றவர் இருவருமே அந்த அட்டையில் இருப்பார்கள்.

காலண்டர்

தீப்பெட்டி லேபிள் அடிக்க வந்த அச்சகங்கள் வாழ்த்து அட்டைக்கும் காலண்டருக்கும் விரிந்தன. சிவகாசி தமிழ்நாட்டு வீடுகளுக்கு அனுப்பும் உண்மையான குளிர்காலப் பரிசு தினசரி காலண்டர்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை ஆடி 18 அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். மளிகைக்கடை, நகைக்கடை, ஜவுளிக்கடை, கட்சிக்காரர் எல்லாரும் அதைப் புரட்டிப் படம் தேர்ந்து ஆர்டர் கொடுப்பர். அட்டையின் மேல்பாதியில் முருகனோ வேளாங்கண்ணி மாதாவோ மெக்காவோ இருக்கும். அதன் கீழே கடையின் பெயர், போன் நம்பரோடு கொட்டை எழுத்தில். அதற்கும் கீழே தேதித்தாள் கட்டு: நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், ஒரு வரி ராசிபலன். கிறிஸ்துமஸ் தாள் சிவப்பில் வரும்.

மார்கழியில் காலண்டர் கடைக்கு வந்து சேரும். முதலாளி கல்லாவுக்கு அடியில் சுருட்டி வைத்திருப்பார். வருடம் முழுக்க வாங்கியவருக்கு மட்டுமே கை கீழே போகும். மற்றவர்களுக்கு, "இன்னும் வரலையே அண்ணாச்சி" என்ற பதில்தான். நல்ல பிள்ளையா என்று பார்த்துப் பரிசு கொடுக்கும் ஐரோப்பிய வழக்கத்துக்கு இணையாக இங்கே கிடைப்பது இந்தச் சோதனை ஒன்றே.

அண்மைக்காலம்

2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடைசெய்து பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி அளித்ததால் கிஃப்ட் பாக்ஸின் உள்ளடக்கம் மாறியது. நெதர்லாந்தில் நிக்கொலாஸின் கறுப்புப் பணியாளர் வேடம் எதிர்ப்புகளுக்குப் பின் பல ஊர்களில் முகத்தில் கரி தீற்றிய உதவியாளராக மாறிவருகிறது. தினசரி காலண்டருக்குக் கைப்பேசிச் செயலிகள் போட்டியாக வந்துள்ளன. ஆல்பம் வெளியீடு ஆடி 18-இலேயே நடந்துவருகிறது.