அதிவேக ரயிலும் அன்றாடப் பிரயாணியும்

மாதுங்காவிலோ டோம்பிவிலியிலோ குடியிருக்கும் தமிழர் ஒருவர் சொந்த ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரயிலேறுகிறார்; உத்தியோகத்தின் பொருட்டு அன்றாடம் இருமுறை ரயிலேறுகிறார். முதற் பிரயாணத்தில் வேகத்தை விரும்புகிறார். இரண்டாவதில் நிற்க இடம் கிடைத்தால் போதும் என்கிறார். இவ்விரண்டில் எதற்கு அரசாங்கம் முதலிற் பணம் ஒதுக்க வேண்டும்? இக்கேள்விக்கு அறுபது ஆண்டுச் சரித்திரம் உண்டு. அதனைச் சிறிது நோக்குவோம்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலை ஜப்பான் துவக்கிற்று. உலக வங்கி இதற்கென 8 கோடி டாலர் கடன் அளித்திருந்தது. ஆயினும் செலவு முதல் மதிப்பீட்டைப் போல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இத்திட்டத்திற்காகப் பாடுபட்ட தேசிய ரயில்வேத் தலைவர் சிஞ்சி சோகோ 1963-லேயே பதவி நீங்கினார்; துவக்க விழாவின்போது அவர் தலைவராக இல்லை.

அதே காலத்தில் டோக்கியோவின் புறநகர் வண்டிகளில் பிரயாணிகளை உள்ளே தள்ளிக் கதவடைப்பதற்கென்றே ஆட்கள் நிறுத்தப்பட்டிருந்தனர். இந்நெரிசலைத் தணிக்க 1965-இல் மற்றொரு பெருந்திட்டம் துவங்கிற்று. நகரிலிருந்து ஐந்து திசைகளிற் செல்லும் இருப்புப்பாதைகளைப் பெருக்கும் வேலை அது. அதிவேக ரயிலுக்கு அடுத்த ஆண்டே அன்றாடப் பிரயாணிக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. இரண்டும் பெரும்பாலும் கடன் பணமே. அக்கடன்களோடு நாட்டுப்புறப் பாதைகளின் நஷ்டமும் சேர, 1987-இல் தேசிய ரயில்வே பல கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி, மும்பைக்கும் அகமதாபாதுக்கும் இடையே 508 கிலோமீட்டர் அதிவேகப் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 1,08,000 கோடி ரூபாய். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஜப்பான் தரும் கடன். வட்டி நூற்றுக்குப் பத்துப் பைசா. தவணை ஐம்பது ஆண்டு.

அதன்பின் பதினைந்து நாட்கள் கழிந்தன. செப்டம்பர் 29-ந் தேதி காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் வண்டியிலிருந்து இறங்கிய கூட்டமும் மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் நெருக்குண்டு, இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாள்தோறும் ஏறத்தாழ 75 லட்சம் பேர் ஏறியிறங்கிய புறநகர் ரயிலின் பிரயாணிகள் அவர்கள். அங்கே அகலமான புதிய பாலம் கட்ட முன்னரே அனுமதி இருந்தது, பாலந்தான் இல்லை. பின்னர் ராணுவத்தார் அமைத்த பாலம் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சில மாதங்களில் முடியக்கூடிய வேலையே அது.

அதிவேகப் பாதையை நிறுத்தி அப்பணத்தைப் பாலங்களுக்குத் தரலாகாதா என்று பலர் கேட்டனர். வருத்தத்தில் எழுந்த கேள்வி அது. ஆயின் அந்தக் கடன் அந்தப் பாதைக்கென்றே தரப்படுவது, வேறு வேலைக்கு மாற்ற இயலாது. மத்திய அரசாங்கமும் இரு மாநில அரசாங்கங்களும் இடும் மூலதனம் மட்டுமே நம் விருப்பத்திற்கு உட்பட்டது. உண்மையான வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. பெரிய வேலைக்குத் தனிக் கழகமும், கடன் ஒப்பந்தமும், கெடுவும் உண்டு. தாமதமானால் கேட்க ஆளுண்டு. சிறிய நடைபாலத்திற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், 'அனுமதிக்கப்பட்டது' என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். 'முடிவுற்றது' என்று எழுதியது அதனிற் குறைவே.

வேகம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஊருக்கு விரைந்து செல்ல யாருக்குத்தான் ஆசையில்லை? வரவு செலவுத் திட்டத்தையொட்டி வெளியாகும் 'பிங்க் புக்' என்னும் ஏட்டில் ரயில்வே வேலைகளும் அவற்றுக்கு ஒதுக்கிய தொகைகளும் அச்சாகின்றன. நேயர்கள் தத்தம் நிலையத்தின் பெயரை அதில் தேடிப் பார்க்கலாம். அங்கே பாலம் இருந்து, நிலையத்தில் இல்லையெனில், தம் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம். வாழ வந்த ஊரிலும் வாக்குரிமை பெற்றோர்க்கு அவ்வுரிமை உண்டு.