44-ஆம் சாலை: கடனாளி திவானும் லாகூர்ப் படையும்

சந்துலாலை வரலாற்று ஆசிரியர்கள் மன்னிப்பதே இல்லை. பாமர் கம்பெனியிடம் வட்டிக்குமேல் வட்டிக்கு வாங்கி, ஐதராபாத் கஜானாவைக் காலிசெய்த மந்திரி என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிடுவார்கள். எனக்கென்னவோ அவரைப் பிடிக்கும். பஞ்சாப் கத்ரி வம்சம், குரு நானக் மேல் பக்தி, 'ஷாதான்' என்ற புனைபெயரில் உருதுக் கவிதை. இத்தனையும் சுமந்துகொண்டு நிஜாம் அரசையும் நடத்தியவர்.

அவர் கதையைச் சாலையிலிருந்து தொடங்குகிறேன். ஓசூர் சிப்காட்டில் சரக்கை இறக்கிவிட்டுச் சேலம் பக்கம் போகும் பஞ்சாப் லாரிகளைக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பார்த்திருப்பீர்கள். லூதியானாவும் ஜலந்தரும் இதே 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையில்தான் இருக்கின்றன. நடுவே ஐதராபாத். அங்கிருந்து வடமேற்கே விலகினால் கோதாவரிக் கரையில் நாந்தேடு. குரு கோவிந்த் சிங் 1708-இல் மறைந்த ஊர்.

அங்கே கோயில் எழுப்ப ஆசைப்பட்டவர் லாகூர் மகாராஜா ரஞ்சித் சிங். பணம் இருந்தது, ஆள் இருந்தது. மண் மட்டும் நிஜாமுடையது. இருவருக்கும் பகை கிடையாது. நிஜாம் ஒருமுறை நவரத்தினம் பதித்த விதானம் அனுப்பினார். இது தன் தலைக்குமேல் விரிக்கத் தக்கதல்ல என்று ரஞ்சித் சிங் அதை அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். பேரரசன் என்றால் இவன்! அந்த விதானம் 1984-இல் அங்கே நடந்த ராணுவ நடவடிக்கையில் தீக்கிரையானது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

1832 முதல் 1837 வரை நாந்தேட்டில் அந்தக் கோயில், ஹஜூர் சாகிப், எழுந்தது. அதே காலத்தில் சந்துலாலின் ஏற்பாட்டில் பஞ்சாபிலிருந்து ஒரு சீக்கியப் படையும் இறங்கியது. பெயர், லாகூரி பௌஜ். வரிகட்ட மறுத்த ஜமீன்தார்களை வழிக்குக் கொண்டுவருவது அதன் வேலை. கடனில் மூழ்கிய மந்திரிக்கு வசூல்தானே உயிர்! ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. தக்காணி சீக்கியர்களாகி, தெலுங்கும் உருதும் பேசி, குருவின் தலத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

பலன் என்ன தெரியுமா? சிங் சபா என்ற சீக்கியச் சீர்திருத்த இயக்கம் பஞ்சாபில் துடைத்தெறிந்த பல பழைய வழக்கங்கள் இங்கே பிழைத்திருக்கின்றன. இன்றும் விடியலுக்கு வெகுமுன்பே ஒருவர் குடத்தில் கோதாவரி நீர் சுமந்து வருகிறார். அந்த நீரில்தான் கருவறை கழுவப்படுகிறது. உள்ளே நுழையும் தலைமைப் பூசாரி மணமாகாதவராக இருக்க வேண்டும். பழைய ஆயுதங்களுக்குச் சந்தனம் இடுகிறார்கள். மாலையில் தீப ஆரத்தி உண்டு. பொற்கோயிலில் அது கிடையாது.

ஒரு தலத்தைக் காப்பது கல்லும் சுண்ணாம்பும் அல்ல, பக்கத்திலேயே குடியிருந்து கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும் ஜனங்கள் என்பது என் கட்சி. அதே பக்தி திசைமாறினால் என்ன ஆகும் என்பதற்குத் பஞ்சாபின் தர்ன் தாரன் குருத்வாரா சாட்சி. ரஞ்சித் சிங்கின் பேரன் நௌ நிஹால் சிங் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அங்கத்திய தர்ஷனி டியோடி வாசலை 2019 மார்ச் 30 இரவில் இடிக்கத் தொடங்கியவர்கள் அன்னியப் படையினர் அல்லர். திருப்பணி செய்ய வந்த கரசேவகர்கள். மேற்பகுதி சரிந்தபின்தான் பக்தர்கள் திரண்டு தடுத்தார்கள்.

இந்த வாரம் சொல்வதாக இருந்ததே அந்த இரவைத்தான். சந்துலால் பக்கத்தைத் தின்றுவிட்டார். இடிக்க உத்தரவு கொடுத்தது யார், மறுநாள் சிரோமணி குருத்வாரா கமிட்டி என்ன செய்தது? அடுத்த இதழில்.