சின்னக் காரில் குழந்தைக்கு இடமில்லையா?

பேபி சீட் வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், விலையைப் பற்றிய கவலைக்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: "அதை வைத்துவிட்டால் நாமெல்லாம் எங்கே உட்காருவது?" கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்றரை மீட்டர் நீளமுள்ள காரின் பின்சீட்டில், குழந்தையின் முகம் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி அந்த இருக்கையை மாட்டினால், அதன் விளிம்பு முன்சீட்டின் முதுகில் போய் முட்டும். முன்சீட்டை நகர்த்தினால், அதில் உட்காருபவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்த பின்வரிசையில் ஒருவர்தான் வசதியாக உட்கார முடியும். சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று பலரும் முடிவு கட்டுவது இதனால்தான். ஆனால் குழந்தை இருக்கை கடந்து வந்த தொண்ணூறு ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், இந்த முடிவு நிற்காது. நெருக்கடிக்குக் காரின் நீளம் சிறிய காரணம். காரை வரைந்தவர்கள் குழந்தையை ஒரு பயணியாக எண்ணாமல் விட்டதும், அந்தக் குறையைச் சமாளிக்கும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுந்ததும்தான் பெரிய காரணங்கள்.

முதலில் வந்த இருக்கைகளுக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே கிடையாது. 1930களில் அமெரிக்காவின் பன்னி பேர் நிறுவனம் விற்ற இருக்கை, குழந்தையைச் சற்று உயர்த்தி உட்காரவைப்பதற்காகச் செய்யப்பட்டது. குழந்தை வெளியே வேடிக்கை பார்க்கலாம். ஓட்டுகிறவர் அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கலாம். 1940களில் வந்தவை, உலோகச் சட்டத்தில் கான்வாஸ் துணியைப் பொருத்தி, முன்சீட்டின் முதுகில் கொக்கி போட்டுத் தொங்கவிடும் ரகம். சிலவற்றில் குழந்தை திருப்பி விளையாட பொம்மை ஸ்டியரிங்கும் இருந்தது. கார் எதிலாவது மோதினால் சட்டத்தோடு சேர்ந்து குழந்தையும் பறக்கும். ஆனால் பெரியவர்களுக்கே பெல்ட் இல்லாத காலம் அது என்பதால், இது யாரையும் உறுத்தவில்லை. நம் ஊர் அம்பாசடரைப் போல முன்வரிசை ஒரே பெஞ்சாக நீண்டிருந்த கார்களில், குழந்தைக்கு இடம் என்பதே ஒரு பேச்சாக இல்லை. இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் செருகிக்கொண்டால் போதும். குழந்தையை எங்காவது செருகிக்கொள்ளலாம் என்ற அந்த நினைப்புதான், காரை வரைகிற மேசையிலும் வெகுகாலம் உட்கார்ந்திருந்தது.

1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். மார்புக்கூடும் இடுப்பெலும்பும் கெட்டிப்பட்ட வளர்ந்த உடலுக்கான கண்டுபிடிப்பு அது. குழந்தைக்குப் போட்டால் மேல்பட்டை கழுத்திலும் கீழ்ப்பட்டை வயிற்றிலும் விழும். 1962-இல் பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவில் லெனார்ட் ரிவ்கின் என்ற இருவர் தனித்தனியே குழந்தையின் பாதுகாப்பை முன்னிட்டு இருக்கைகளை வடிவமைத்தார்கள். அடிப்படையையே மாற்றியவர் ஸ்வீடனின் மருத்துவர் பெர்ட்டில் ஆல்ட்மன். ஜெமினி விண்கலத்தின் வீரர்கள் மல்லாந்த நிலையில் அமர்ந்து, ராக்கெட்டின் உந்துவிசையை முதுகு முழுவதிலும் தாங்கியதிலிருந்து அவருக்கு யோசனை பிறந்தது. கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கழுத்தெலும்புகளோ இன்னும் குருத்தெலும்பால் இணைந்தவை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் உடலைப் பட்டை பிடித்து நிறுத்தினாலும், தலை முன்னால் பாயும். அந்த இழுப்பை அந்தக் கழுத்து தாங்காது. பின்பக்கம் பார்த்து உட்காரவைத்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே ஓட்டில் அழுந்தி, விசை பரவிப்போகும். 1964-இல் இதன் முதல் மாதிரி வால்வோ காரில் சோதிக்கப்பட்டது. 1972-இல் விற்பனைக்கு வந்தது. ஸ்வீடன்காரர்கள் அதை முன்சீட்டில் வைத்து, டேஷ்போர்டில் அண்டக் கொடுத்தார்கள். நாலரை மீட்டரைத் தாண்டிய வால்வோவில் இடம் ஒரு சிக்கலாகவே எழவில்லை. பின்னோக்கிய இருக்கை பிறந்து வளர்ந்தது பெரிய காரில். அதன் வடிவத்திலும் அந்தப் பெருந்தன்மை ஒட்டிக்கொண்டது.

இருக்கை வந்ததும் மடி தோற்றுவிடவில்லை. அமெரிக்காவில் 1971-இல் வந்த முதல் அரசுத் தரநிர்ணயம், மோதல் சோதனையைக்கூடக் கேட்கவில்லை. அது 1981-இல்தான் கட்டாயமானது. சட்டத்துக்கு வழி திறந்தவர் டென்னசி மாநிலத்தின் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ். அவர் விடாமல் வற்புறுத்தியதால் 1977-இல் அந்த மாநிலம், சிறு குழந்தைகளைக் காரில் ஏற்றினால் இருக்கை வேண்டும் என்று உலகம் கவனிக்கும்படி ஒரு சட்டம் இயற்றியது. 1978 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிறைவேறும்போதே அதில் ஒரு ஓட்டை போடப்பட்டது: பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்திருந்தால் இருக்கை தேவையில்லை. எதிர்த்தவர்கள் அதற்குக் 'குழந்தை நசுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். காரணம் எளிய கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 8 கிலோ குழந்தை கையை இழுப்பது சராசரியாக 110 கிலோ எடையின் பலத்தோடு. எந்தத் தாயின் பிடியும் அதை நிறுத்தாது. தாய் பெல்ட் போடாதிருந்தால், அவர் உடலே குழந்தையை டேஷ்போர்டில் வைத்து அழுத்தும். 1981-இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இருக்கைச் சட்டம் வந்துவிட்டது. பாசத்துக்குப் பலம் உண்டு என்ற நம்பிக்கை சட்டப் புத்தகத்தில் மூன்று ஆண்டுகள்தான் தாக்குப்பிடித்தது.

சின்னக் காரின் இட நெருக்கடி இன்றைய வடிவத்தில் உண்டானது இதற்கும் பிறகுதான். பயணியின் பக்கத்திலும் ஏர்பேக் வந்தது. மணிக்கு 200 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் விரியும் அந்தப் பை, முன்சீட்டில் பின்பக்கம் பார்த்து வைத்திருந்த இருக்கையின் முதுகில் அறைந்ததால், 1990களின் நடுவில் அமெரிக்காவில் கைக்குழந்தைகள் உயிரிழந்தன. அதிலிருந்து ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கிய இருக்கையை வைக்கக்கூடாது என்பது உலகெங்கும் விதியாயிற்று. குழந்தை பின்வரிசைக்குப் போனது. முன்னால் டேஷ்போர்டு வரை பரந்திருந்த இடத்தில் இருந்த பொருள், இரண்டு வரிசைகளுக்கு இடையில் உள்ள சந்துக்குள் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு காரிலும் பெல்ட்டின் நீளம் ஒரு மாதிரி, பக்கிள் இருக்கும் உயரம் ஒரு மாதிரி, சீட்டின் சரிவு ஒரு மாதிரி. கடையில் இருக்கையை வாங்கிவந்த அப்பா, பின்கதவைத் திறந்து, முழங்காலால் அதை அழுத்திக்கொண்டு, பெல்ட்டை எந்தத் துளை வழியாக விடுவது என்று திணறுவது எல்லா நாட்டிலும் ஒரே காட்சி. சரியாக மாட்டாத இருக்கைகள் பெருகின. இருக்கை செய்பவருக்கும் கார் செய்பவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாததன் விலை அது.

அந்தப் பேச்சுவார்த்தைக்குப் பெயர் ஐசோஃபிக்ஸ். சர்வதேசத் தர நிறுவனம் 1999-இல் வெளியிட்ட இந்த நிர்ணயத்தின்படி, பின்சீட்டின் முதுகும் அமரும் பகுதியும் சேரும் மடிப்புக்குள், 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு எஃகுக் கம்பிகள் 280 மி.மீ. இடைவெளியில் காரின் உடற்சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இருக்கையின் இரு கொக்கிகளையும் அதில் தள்ளினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். காரின் உடற்சட்டத்திலேயே குழந்தைக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் இந்த இரண்டு விரல்கடைக் கம்பிகள். 2013-இல் ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் 129-ஆவது ஒழுங்குமுறை இன்னும் ஒரு படி போனது. குழந்தை 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்தே பயணம் செய்ய வேண்டும் என்றதோடு, இருக்கை அடைக்கும் கனபரிமாணத்துக்கும் வரம்பு வகுத்தது. அந்த ஒழுங்குமுறையின் அடையாளம் பெற்ற காரின் இடத்தில் அதே அடையாளம் பெற்ற எந்த இருக்கையும் அடங்கியாக வேண்டும். "என் காரில் பொருந்துமா?" என்ற கேள்வி, பெற்றோரிடமிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்தது.

இதெல்லாம் பெரிய கார் நாடுகளின் கதை என்று தள்ளிவிட முடியாதபடி சாட்சி சொல்கிறது ஜப்பான். அங்கு கெய் என்ற வகுப்பு உண்டு: 1998 முதல் அதன் வரம்பு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சி.சி. எஞ்சின். 2000 ஏப்ரலில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருக்கை அங்கே கட்டாயமானது. கார் நீளக் கூடாது என்பதால் வடிவமைப்பாளர்கள் காரை உயரமாக்கினார்கள். சீட்டை நிமிர்த்தியதால் காலுக்கு இடம் கிடைத்தது. 2007-இல் வந்த டைஹாட்சு டான்டோவின் இரண்டாம் தலைமுறையில், இடப்பக்கம் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் தூணே கிடையாது. பின்கதவு நகர்ந்து திறக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குனியாமல் நேராக உள்ளே போய் இருக்கையில் கட்டலாம். 2011-இல் வந்த ஹோண்டா என்-பாக்ஸ், பெட்ரோல் தொட்டியை முன்சீட்டுக்கு அடியில் தள்ளிப் பின்தளத்தைத் தாழ்த்தியது. பிறகு ஜப்பானில் மிக அதிகம் விற்ற காராகப் பல ஆண்டுகள் நின்றது. 3.4 மீட்டருக்குள் இது முடிந்திருக்கிறது.

நமக்கு இதில் ஒரு நெருங்கிய உறவும் உண்டு. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, சுசுகியின் கெய் குடும்பத்துக் கார்தான். நீளம் சுமார் 3.3 மீட்டர். ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் வேறு வேறு திசையில் வளர்ந்ததற்குக் காரணம், அரசு எதை அளந்தது என்பதே. இங்கு முன்சீட்டு பெல்ட் 1994-இலும், பின்சீட்டு பெல்ட் 2002-இலும்தான் கட்டாயமாயின. 2006-07 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு மிகாத, பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.க்கு மிகாத கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16-ஆகக் குறைத்தார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் உட்பட நாட்டின் கார் ஆலைகள் எல்லாம் அந்த நான்கு மீட்டரைச் சுற்றியே சுழன்றன. வரி காரின் வெளிநீளத்தை அளந்தது. உள்ளே குழந்தைக்கு இடம் இருக்கிறதா என்று எந்த விதியும் அளக்கவில்லை. பிறகு 2019 செப்டம்பரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு வந்தது: 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் வந்தால் 1,000 ரூபாய் அபராதம். ஜப்பானில் காரும் சட்டமும் கைகோத்து நகர்ந்தன. இங்கே ஓட்டுபவருக்கு அபராதச் சீட்டு முதலில் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டம், 18 மாதக் குழந்தை, 3 வயதுக் குழந்தை அளவிலான பொம்மைகளை வைத்துச் சோதித்து, குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம் கொடுக்கிறது. தாமதமானாலும் சரியான திசை அது. ஆனால் நிறுவனம் விரும்பினால் சோதிக்கக் கொடுக்கலாம் என்ற அளவில்தான் அது நிற்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது, இருக்கைக்கு உண்மையான விலை ஒன்று உண்டு என்பது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஜோர்டன் நிக்கர்சனும் டேவிட் சாலமனும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இதற்குக் கணக்கே போட்டது. மூன்று இருக்கைகள் சாதாரணக் காரின் பின்வரிசையில் அடங்காததால், பல குடும்பங்கள் மூன்றாவது குழந்தையைத் தவிர்த்தன. 2017-இல் மட்டும் அப்படிக் குறைந்த பிறப்புகள் சுமார் 8,000, சட்டத்தால் தவிர்க்கப்பட்ட மரணங்கள் 57 என்கிறது அது. தாத்தா பாட்டியோடு பயணிக்கும் நம் குடும்பங்களுக்கும் இடத்தின் அருமை தெரியும். ஆனால் அந்த விளைவு பெரிதானது, சட்டம் ஏழெட்டு வயது வரை நீட்டப்பட்டபோது. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் ஆராய்ந்ததிலும், இரண்டு வயதுக்கு மேல் உயிர்காப்பதில் பெல்ட்டும் இருக்கையும் ஏறக்குறைய சமம் என்றே தெரிந்தது. பெல்ட்டே பொருந்தாத கைக்குழந்தைக்கு இந்த ஆறுதல் கிடையாது. அதற்கு மாற்று மடி மட்டுமே, மடியின் கணக்கை டென்னசியிலேயே பார்த்துவிட்டோம். "ஊருக்குள் முப்பதைத் தாண்டுவதில்லையே" என்பது இன்னொரு வாதம். 30 கி.மீ. வேகத்தில் மோதி நிற்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடி ஜன்னலிலிருந்து, விழுவதற்குச் சமம். சின்னக் காரின் முன்பகுதி குட்டை; நசுங்கி அதிர்ச்சியை விழுங்க அதில் இடம் குறைவு. அதனால் சின்னக் காரில்தான் இருக்கையின் தேவை கூடுதல்.

இருக்கிற காரில் சமாளிக்க ஒரு வழி உண்டு: முன்பயணியின் சீட்டை முன்னால் நகர்த்தி, அதன் பின்னால் குழந்தை இருக்கை, ஓட்டுநருக்குப் பின்னால், குழந்தையின் பக்கத்தில், அம்மா. முன்சீட்டில் வீட்டில் உயரம் குறைந்தவர். இது இன்றைக்கு. அடுத்த காரை வாங்கும்போது, பேபி சீட்டையும் ஷோரூமுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பின்வரிசை மடிப்பில் கையை விட்டு அந்த இரண்டு கம்பிகள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். இருக்கையை மாட்டி, முன்சீட்டில் நீங்களே உட்கார்ந்து, முழங்கால் இடிக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.