ஆப்ரிக்கன் வங்கியின் வீழ்ச்சி: பங்குதாரர்களின் கணக்கில் விடுபட்டவர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் இளைஞர்கள் கூடினால், இப்போதெல்லாம் பங்குச் சந்தைப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. "விலை நன்றாக இறங்கியிருக்கிறது உஸ்தாத், இப்போது வாங்கிப்போட்டால் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகிவிடும்" என்று எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் கூறினார். அந்த நிறுவனம் எதைச் செய்து சம்பாதிக்கிறது என்று கேட்டோம். அவர் கைப்பேசியைப் பார்த்தார், பதில் வரவில்லை. அன்று அவருக்குச் சொன்ன தென்னாப்பிரிக்க வரலாறு ஒன்றையே இங்கே எழுதுகிறோம்.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்கக் கறுப்பின வணிகர்களுக்கு வங்கிக் கடன் எளிதில் கிட்டாது. தமக்கென ஒரு வங்கி வேண்டும் என்று அவர்களுடைய வணிகர் அமைப்பு 1964இல் தீர்மானித்தது. சாம் மோட்சுவென்யானே முன்னின்று நடத்திய அம்முயற்சியில், 10 இலட்சம் ராண்டு முதலைத் திரட்டுவதற்கே ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 1975இல் பிரிட்டோரியாவுக்கு அருகிலுள்ள கா-ரங்குவாவில் ஆப்ரிக்கன் வங்கி திறக்கப்பட்டது. தம் மக்களின் கையில் ஒரு வங்கி இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையே அதன் முதல் மூலதனம்.

வங்கி நெடுநாள் அப்படியே நிலைக்கவில்லை. 1995இல் நெருக்கடிக்குள்ளாகி, பொறுப்பாளர் ஒருவரின் நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1990களின் இறுதியில், சிறுகடன் தொழில் நடத்திய குழுமம் ஒன்றின் கைக்கு மாறியது. அதன்பின் அதன் தொழிலே வேறாயிற்று. மக்களிடம் வைப்புத்தொகை திரட்டும் வழக்கமான வங்கியாக அது நடக்கவில்லை. பெரும் முதலீட்டாளர்களிடம் கடன் பத்திரங்கள் வழியே பணம் பெற்று, அதை மாதச் சம்பளக்காரர்களுக்கு ஈடு எதுவும் இன்றிக் கடனாகக் கொடுத்தது. வட்டியே அதன் வருமானம்.

அவ்வட்டி எவ்வளவு? அந்நாட்டுக் கடன் சட்டத்தின்படி, ஈடில்லாக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் அடிப்படை வட்டியை 2.2ஆல் பெருக்கி, அதனுடன் 20 விழுக்காட்டைக் கூட்டிய அளவே அன்றைய உச்சவரம்பு. 2013இல் அடிப்படை வட்டி 5 விழுக்காடு. ஆகவே ஆண்டுக்கு 31 விழுக்காடு வரை வாங்கச் சட்டமே இடமளித்தது. 10,000 ராண்டு கடன்பட்டவருக்கு ஓர் ஆண்டின் வட்டி மட்டும் 3,100 ராண்டு வரை ஆகக்கூடும், கட்டணங்கள் வேறு.

2008இல் இவ்வங்கிக் குழுமம் எல்லரைன் என்னும் மரச்சாமான் கடைத் தொகுதியைச் சுமார் 900 கோடி ராண்டுக்கு வாங்கியது. தவணையில் கட்டிலும் அலமாரியும் வாங்குவோருக்கும் கடன் கொடுக்கலாம் என்பது திட்டம். 2012இல் குழுமத்தின் பங்கு 30 ராண்டுக்கு மேல் விற்றது. 2013இல் விலை சரியத் தொடங்கியதும் சிறு முதலீட்டாளர்களிடையே விவாதம் சூடு பிடித்தது.

வாங்கலாம் என்றோர் கூறியவை: ஏட்டு மதிப்போடு ஒப்பிட்டால் விலை மலிவு; முன்பு நல்ல இலாபப் பங்கு கொடுத்த நிறுவனம்; அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் பொது முதலீட்டுக் கழகமே பங்கு வைத்திருக்கிறது; இவ்வளவு பெரிய வங்கியை விழவிட மாட்டார்கள். வேண்டாம் என்றோர் கூறியவை: கடன் தொகைகள் பெருகுகின்றன, தவணைக் காலம் நீள்கிறது, வாராக்கடனுக்கு ஒதுக்கிய தொகை போதாது.

இரு தரப்பும் எண்களை வைத்தே வாதிட்டன. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுந்தது. பழைய கடனைத் தீர்க்கப் புதிய கடன் வாங்குபவருடைய நிலை ஏட்டில் சீராகவே தெரியும். வீட்டில்தான் அடுப்பு எரியாது. 2012 ஆகஸ்ட் 16 அன்று மாரிகானா பிளாட்டினச் சுரங்கத்தில், ஊதிய உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்களில் 34 பேர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். அதன்பின் சுரங்கத் தொழிலாளரின் கடன் சுமை நாட்டின் கவனத்துக்கு வந்தது. பலருடைய சம்பளத்திலிருந்து, கையில் சேரும் முன்பே, சம்பளப் பிடித்த ஆணைகளின் பேரில் கடன் தவணை கழிக்கப்பட்டு வந்தது. 2013இல் இவ்வங்கியே டண்டீ என்னும் ஊரிலுள்ள கிளையில் பொறுப்பின்றிக் கடன் கொடுத்ததான குற்றச்சாட்டை, 2 கோடி ராண்டு செலுத்தித் தீர்த்துக்கொண்டது. பங்கின் எதிர்காலத்தை அறிய விரும்பியவருக்கு இவையே அறிகுறிகள்.

2013 டிசம்பரில் பங்கு ஒன்று 8 ராண்டு வீதம் உரிமைப் பங்குகள் விற்று, குழுமம் ஏறத்தாழ 550 கோடி ராண்டு திரட்டியது. நம்பியவர்கள் மீண்டும் பணம் போட்டனர். 2014 ஆகஸ்ட் 6 அன்று, ஆண்டின் நட்டம் 640 கோடி ராண்டுக்குக் குறையாது என்றும், இன்னும் 850 கோடி ராண்டு தேவை என்றும் குழுமம் அறிவித்தது. தலைமை நிர்வாகி லியோன் கிர்கினிஸ் பதவி விலகினார். இரண்டே நாளில் பங்கின் விலை 31 சென்ட்டுக்கு இறங்கியது. எட்டு மாதங்களுக்கு முன் 8 ராண்டு கொடுத்தவர் கையில் அரை ராண்டுகூட மிஞ்சவில்லை.

ஆகஸ்ட் 10ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஆளுநர் கில் மார்கஸ், வங்கியைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். வாராக்கடன்களை ரிசர்வ் வங்கி 700 கோடி ராண்டுக்கு எடுத்துக்கொண்டது. முன்னுரிமைக் கடன் பத்திரம் வைத்திருந்தோருக்கும் 10 விழுக்காடு குறைந்தது. பாதுகாப்பானவை என்று மக்கள் நம்பிய பணச் சந்தை நிதிகள் சிலவற்றையும் அந்த இழப்பு தொட்டது. இப்பங்கை ஒருநாளும் வாங்காதவரும் இழந்தனர். சீரமைக்கப்பட்ட புதிய வங்கி 2016 ஏப்ரலில் திறந்தது. பழைய பங்கு வேறு பெயரில் சந்தைக்குத் திரும்பியபோது சில்லறைக் காசாகவே மதிக்கப்பட்டது.

வட்டித் தொழில் என்பதால் இதில் நமக்கு வேலையே இல்லை என்று சிலர் சொல்லலாம். வட்டி நிறுவனத்தில் பங்கு சேர்வது ஆகாது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே நாட்டில், இஸ்லாமிய வங்கி என்னும் பெயரோடு முஸ்லிம்கள் நடத்திய ஒரு வங்கியும் 1997இல் மூடப்பட்டது. நிர்வாகச் சீர்கேடும், தமக்கு வேண்டியவர்களுக்குக் கடன் கொடுத்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. 1989இல் டர்பனில் தொடங்கிய அல்பரகா வங்கியோ தொடர்ந்து நடந்து வருகிறது. பெயர்ப்பலகை ஹலால் என்பதனால் அமானிதம் தானாகக் காக்கப்படுவதில்லை.

அச்சம் மட்டுமே அறிவு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 30 அன்று, கேப்பிடெக் என்னும் மற்றொரு தென்னாப்பிரிக்க வங்கியின் கணக்குகளைக் குறைகூறி வைஸ்ராய் என்னும் ஆய்வுக் குழு அறிக்கை வெளியிட்டது. ஆப்ரிக்கன் வங்கியை நினைத்துப் பலர் பதறி விற்க, பங்கு சில மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்து, அன்றே பெரும்பாலும் மீண்டது. வங்கி உறுதியாக உள்ளது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது, அது விழவில்லை. அறியாமல் வாங்கியவரும் அறியாமல் விற்றவரும் ஒரே பிழையைச் செய்தவர்களே.

பங்கு என்பது கூட்டு வணிகம். நம் ஃபிக்ஹு நூல்கள் கூட்டாளியைத் தொழிலின் இலாபத்தோடும் நட்டத்தோடும் பிணைத்தே பேசுகின்றன. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறு அல்பகறா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. ஆகவே ஒரு பங்கை வாங்குமுன் விலையைக் கேட்பதோடு நில்லாமல், இப்பணம் யார் கையிலிருந்து, எப்படி வருகிறது என்றும் கேட்போம். அந்தக் கேள்வி மார்க்கத்தையும் காக்கும். பெரும்பாலும் முதலையும் காக்கும்.

அம்மாணவர் மறுவாரம் வந்தார். "நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன் உஸ்தாத், இன்னும் வாங்கவில்லை" என்றார். அல்லாஹ் அவருடைய சம்பாத்தியத்திலும் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.